செல்வி லாரி மேல ஏறிட்டா

பானு, முத்து, இதை நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். போன வாரம் பானு போனில் குறைப்பட்டுக்கொண்டாள். "அப்பா, ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட 'கிரைண்டர் மூணு மாடி ஏறிச்சு'ன்னு சொல்லிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பாக்கறாரு." பார்க்கத்தான் செய்வார். நம் தெருவைத் தாண்டினால் அந்தப் பேச்சு யாருக்கும் புரியாது. நீங்கள் பேசப் பழகும்போதே அது வீட்டில் இருந்ததால் ஊரே அப்படித்தான் பேசுகிறது என்று நினைத்துவிட்டீர்கள். அது ஒருத்தர் உண்டாக்கின பேச்சு. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பேர் எழுத மாட்டேன். நம் தெருவில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டாக்டரம்மா என்றால் அவர் ஒருத்தர்தான். நான் பத்தாவது வரை படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் முத்து திருத்திக்கொள். ஆனால் அவர் சொன்ன வார்த்தை எதையும் திருத்தாதே.

டாக்டரம்மாவின் அப்பா சீனாவில் பிறந்து கப்பலேறி வந்தவர். பல் கட்டுகிற தொழில். டாக்டரம்மா பிறந்தது, வளர்ந்தது, பல் டாக்டருக்குப் படித்தது எல்லாம் மெட்ராஸில்தான். முகம் மட்டும் அப்பா ஊர் முகம். கோயில் குளத்துப் பக்கம் புதிதாக ஆட்டோ போடுகிறவர்கள் அவரைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "மேடம், வேர் கோயிங்?" என்பார்கள். "மந்தவெளி போவணும் நைனா. இன்னா, மீட்டரு தூங்குதா?" என்பார் இவர். அதற்கப்புறம் ஆட்டோக்காரர் மந்தைவெளி போய்ச் சேருகிற வரைக்கும் கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டு போவார்.

நம் வீட்டு மாடியில் முன்னறை அவருடைய கிளினிக், பின்னால் அவர் வீடு. கீழே முன்பக்கம் என் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை, பின்னால் நாம். அவர் புருஷன் சீக்கிரமே இறந்துவிட்டார். ஒரே மகன் படிக்கக் கனடா போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அதனால் டாக்டரம்மாவுக்குப் பேச்சுத் துணை மாடிப்படிதான். படியில் பாதி இறங்கி நின்றுகொண்டு தெருவோடு பேசுவார்.

அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது, ஒரு ஆள் வருவான். "டாக்டரம்மா, இந்தப் பல்லை எடுத்தே ஆகணுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "தேனாம்பேட்டைல ஒருத்தரு இருந்தாரு" என்று ஆரம்பிப்பார். தேனாம்பேட்டைக்காரர் பல்லை எடுக்காமல் என்ன ஆனார் என்று கேட்டு முடிப்பதற்குள் நீங்களே வாயைத் திறந்துவிடுவீர்கள்.

ஒரு நாள் அவர் கிளினிக் நாற்காலி மேலே போகாமல் நின்றுவிட்டது. நான் போய் ஸ்விட்சைப் பிரித்துக்கொண்டிருந்தேன். "ஏன் டாக்டரம்மா, எதைக் கேட்டாலும் கதையாவே சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"எங்க வீட்ல பேச்சே அதான் நைனா" என்றார். "எங்கப்பா நாலு சத்தம் போடுவாரு. அந்த நாலு சத்தத்துக்குள்ள ஒரு கதை கீது. யாரோ ஒரு ராஜா, யாரோ ஒரு விவசாயி, இன்னாவோ முட்டாள்தனம் பண்ணிருப்பான். கதைய சொல்ல மாட்டாரு. நாலு சத்தம்தான். எங்கம்மா சிரிப்பாங்க, இல்லாங்காட்டி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க. சண்டை கூட அதுலயே முடிஞ்சிடும். அவங்க ஊர்ல பஸ்ல, மார்க்கெட்ல எல்லாருமே அப்டித்தான் பேசிக்குவாங்களாம்."

"கதை தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க?"

"தெரியலைன்னா அவன் அந்த வீட்டு ஆளு இல்லன்னு அர்த்தம்."

நான் கழற்றி வைத்த ஸ்க்ரூவை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு சொன்னார். "எனக்கு அந்த பாஷை பாதிதான் வரும். ராஜா கதையெல்லாம் மறந்தும் போச்சு. சொன்னாலும் சிரிக்க ஆளு இல்ல. அதான் நம்ம தெருவுலயே எடுத்துக்கினேன். தமிழு நாலு சத்தத்துல அடங்காது. நாலு வார்த்தை வெச்சுக்கினேன்."

இதற்கு நம் தெருவில் 'நாலு' என்றே பேர் வந்துவிட்டது. 'இது ஒரு நாலு ஆயிடும் பாரு', 'அதுக்கு ஒரு நாலு இருக்கே' என்று பேசிக்கொள்வோம்.

முதல் நாலு எதிர் வீட்டு மாமி கொடுத்தது. மாமி ஒரு நாள் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். கவிழ்த்தேன், தேங்காய்ச் சட்னி கொட்டியது. "மாமி, இது ரிப்பேர் இல்ல, டிபன் சாப்பிட்டிருக்கு" என்றேன். டாக்டரம்மா படியில் நின்றுகொண்டிருந்தார்.

"மூடி போட்டேன்னுதான் நெனச்சேன்" என்றார் மாமி. "குக்கர் ஒரு பக்கம் கத்தறது, வாசல்ல பெல் அடிக்கறது. ஆத்துக்கு சம்பந்தி மனுஷா வந்தாச்சு. உள்ள வந்து குடிக்க ஜலம் கேக்கறா. நான் ஸ்விட்சைத் தட்டிட்டேன். சம்பந்தி தலையில அட்சதை மாதிரி விழுந்துடுத்து!" சொல்லிவிட்டு மாமிக்கே சிரிப்பு தாங்கவில்லை. கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா விரலை மடக்கினார். "மாமி. மிக்ஸி. மூடி. மறந்துட்டா. வெச்சுக்கட்டா மாமி?"

"என்னை ஊர் சிரிக்கணுமாக்கும்?"

"ஊருக்கு இல்ல மாமி. நாளைக்கு நான் அவசரப்படறப்ப எனக்கே சொல்லிக்க."

மாமி யோசித்தார். "எங்காத்துப் பேச்சுல 'மறந்துட்டா'ன்னா மரியாதைதான். போகட்டும், வெச்சுக்கோங்கோ" என்றார்.

பார்த்தீர்களா, அதுதான் அவருடைய சட்டம். கதைக்குரிய ஆள் முதலில் சிரிக்க வேண்டும். பிறகு 'வெச்சுக்கோ' என்று வாயால் சொல்ல வேண்டும். அப்போதுதான் அது நாலு. உங்கள் அம்மா கடைசி வரைக்கும் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. "எங்கிட்ட வராதீங்க டாக்டரம்மா, எங்க வீட்டுக் கதை எங்க வீட்டோட" என்று சொல்லிவிட்டாள். டாக்டரம்மாவும் கடைசி வரைக்கும் கேட்கவில்லை.

மற்றவர்களிடம் கேட்பதற்கு முன்னால் தன்னுடையதை வைத்துவிடுவார். 'டாக்டர் நல்ல பல்லைப் புடுங்கினா.' படித்துக்கொண்டிருந்த காலத்தில் அப்பா கடையில் ஒருவருக்குச் சொத்தைப் பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லை எடுத்துவிட்டாராம். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் அப்பா அதை எல்லார் முன்னாலும் சொல்ல வைத்தாராம். "எங்க வீட்ல சோறு துன்றப்போ ஆளுக்கு ஒரு கதை சொல்லணும். நல்லா நடந்தது கதையில சேராது" என்பார். அப்பாவுக்கு அது திருப்தியில்லை. மறுநாள் பல்லுக்குரியவரையே வரவழைத்து, அவர் எதிரில் திரும்ப ஒரு தடவை முதலிலிருந்து சொல்ல வைத்தாராம்.

நம் வீடுகளில் பிள்ளை தப்பு செய்தால் கதவைச் சாத்திக்கொண்டு அடிப்போம், வெளியே ஒன்றும் நடக்காத மாதிரி இருப்போம். இவர் கிளினிக்கில் இடுக்கியைக் கையில் எடுக்கிறபோதெல்லாம், வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறவரிடம், "டாக்டர் நல்ல பல்லைப் புடுங்கினா. எந்தப் பல்லு, நீயே வெரல வெச்சுக் காட்டு" என்பார். ஒருத்தர் வாயில் பஞ்சோடு மாடிப்படி இறங்கி ஓடியதை நானே பார்த்தேன். "ஏன் டாக்டரம்மா, வர்றவங்க பயப்பட மாட்டாங்களா?" என்று கேட்டால், "நான் பயந்துக்கினு கீறேன்ல, அது போதும்" என்பார்.

என் நாலும் ஒன்று உண்டு. பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஒரு வீட்டு கிரைண்டரைச் சரி செய்து, அவர்கள் வந்து எடுப்பதற்குள் நாமே கொண்டுபோய்க் கொடுத்தால் நல்ல பேர் வருமே என்று தோளில் தூக்கிக்கொண்டு போனேன். கல்லோடு. லிஃப்ட் இல்லாத கட்டிடம். மூன்றாவது மாடியில் கதவைத் தட்டினால், "நாங்க அதை வித்தாச்சுங்களே. வாங்கினவரு கீழ் வீட்லதான் இருக்காரு. நீங்க கேட்டிருக்கலாமே" என்றார்கள். கீழே இறங்கினால் அந்தக் கீழ் வீட்டு வாசலைத் தாண்டித்தான் ஏறியிருக்கிறேன். 'கிரைண்டர் மூணு மாடி ஏறிச்சு.' கேட்காமல் செய்த உபகாரத்துக்கெல்லாம் இதுதான் பேர். பானு, நீ ஆபீஸில் சரியான இடத்தில்தான் சொல்லியிருக்கிறாய்.

தெரு முழுக்கப் பிடித்துக்கொண்டது என்றால் அது செல்வியுடையது. செல்வி பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவருகிறவள். ஒரு வெயில் காலத்தில் நம் தெருவில் குழாய் காற்று மட்டும் விட்டது. தண்ணீர் லாரி தினமும் நம் முனையைத் தாண்டிப் போய்ப் பெரிய தெரு ஃபிளாட்டுகளில் நின்றது. குடங்கள் வரிசையாகக் காத்துக்கொண்டு கிடந்தன. அன்றைக்கு லாரி முனையில் கொஞ்சம் நின்றதும் செல்வி மீன் அன்னக்கூடையோடு பின்பக்க ஏணியில் ஏறி டேங்க் மூடி மேல் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு நம் தெருவில் வீடுகூட இல்லை.

"எம்மா, எறங்கு. லேட்டாவுது" என்று டிரைவர் கத்தினார்.

"நீ ஓட்டு நைனா. நானும் மீனோட வர்றேன். நீ எங்க நிறுத்துறியோ அங்க யாவாரம் பண்ணிக்கறேன்."

"விளையாடறியா? போலீசுக்குப் போன் பண்ணுவேன்."

"பண்ணு. அவங்க வூட்லயும் மீனு துன்னுவாங்க."

டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசிக் குடம் நிறைகிற வரை செல்வி மேலேதான். மாடியிலிருந்து டாக்டரம்மா கையுறையோடு கைதட்டினார். அவர் பக்கத்தில் வாய் திறந்தபடி ஒரு ஆள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரம்மா படியிறங்கி வந்து முறைப்படி கேட்டார். செல்வி, "வெச்சுக்கோ யக்கா. ஆனா 'ஏறிட்டா'வோட நிறுத்திக்கோ. எறங்குனத சொல்லாத" என்றாள். அப்படித்தான் 'செல்வி லாரி மேல ஏறிட்டா' என்று நின்றது. முடிவு எடுத்தாச்சு, இனி இறங்குகிற பேச்சே இல்லை என்று அர்த்தம்.

ஒரே ஒரு தடவை அவர் நாலு போட மறுத்ததை எழுதிவிடுகிறேன். அந்த நோய் வந்த வருஷம். எல்லாரும் மூக்கைக் கட்டிக்கொண்டிருந்தோம். முனையில் நின்ற ஒருத்தன் டாக்டரம்மா முகத்தைப் பார்த்து அந்த நோயின் பேரைச் சொல்லிக் கத்தினான். தள்ளிப் போகச் சொன்னான். செல்விக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "யக்கா, இவனுக்கு ஒரு நாலு போடு. ஊரே சொல்லிச் சிரிக்கட்டும்" என்றாள்.

"அவன் சிரிப்பானா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அவன் எங்க சிரிக்கறது?"

"அப்ப அது நாலு இல்ல செல்வி. திட்டு." படியேறிப் போய்விட்டார். அன்று முழுக்க மாடியில் பேச்சுச் சத்தம் இல்லை. மறுநாள் வழக்கம்போலப் பாதிப் படியில் வந்து நின்றார்.

இப்போது அந்தக் காலையைச் சொல்ல வேண்டும். மேலே ஏதோ உடைந்த சத்தம் கேட்டு ஓடினேன். டீ கப் தரையில், டாக்டரம்மா நாற்காலிக்குப் பக்கத்தில். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கையும் காலும் ஓய்ந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. வாயைத் திறப்பார், உதடு அசையும், ஒன்றும் வராது. கண்ணில் தண்ணீர் வரும். பேசியே பழகின மனுஷி அப்படிக் கிடப்பதைப் பார்க்க முடியாமல் நான் வராந்தாவுக்குப் போய்விடுவேன்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, நர்ஸ் பெண் அவசரமாக ஊசிக்குழாயை இழுத்தபோது, டாக்டரம்மா தெளிவாக, "மாமி மிக்ஸி மூடி மறந்துட்டா" என்றார். நர்ஸ் திரும்பி, "அண்ணே, வீட்ல மிக்ஸி ஏதாச்சும் ஆஃப் பண்ணாம வந்துட்டாங்களா?" என்று கேட்டது.

பெரிய டாக்டர் மகனிடம் விளக்கினார். மகன் அதற்குள் கனடாவிலிருந்து வந்துவிட்டிருந்தார். புதிதாக வாக்கியம் கட்டுகிற இடம் மூளையில் அடிபட்டிருக்கிறது, பல வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகின வரிகள் மட்டும் முழுசாக வரும், ஜெபம் வரும், பாட்டு வரும், ஆனால் புத்தி நன்றாக இருக்கிறது என்றார். மகன் தலையாட்டினார். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நல்ல மனுஷர். அம்மாவுக்குத் தலைவாரி விடுவார், கஞ்சி ஊட்டுவார். ஆனால் அம்மா வாயைத் திறந்தால் மிக்ஸி, கிரைண்டர், லாரி. அவர் ஊரை விட்டுப் போன பிறகு நடந்த கதைகள் அவை. ஒன்றும் அவருக்குத் தெரியாது. மண்டை குழம்பிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். கனடாவில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவிட்டு, ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள், மாடியில் மாமியும் செல்வியும் நானும் இருந்தோம். மகன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தையிடம் பேசுகிற மாதிரி கேட்டார். "மம்மி, அடுத்த வாரம் நாம ரெண்டு பேரும் கிளம்பறோம். என் வீட்டுக்கு. சரியா?"

டாக்டரம்மா அவரை நேராகப் பார்த்தார். "செல்வி லாரி மேல ஏறிட்டா."

மகன் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களா அண்ணே? நான் வீட்டுக்கு வர்றியான்னு கேட்டா லாரிங்கறாங்க. இவங்களை எப்படித் தனியா விட்டுட்டுப் போவேன்?"

எனக்கு அடக்க முடியவில்லை. "தம்பி, அவங்க உளறலை. வர மாட்டேன்னு சொல்றாங்க. நீங்க கவலையே படாதீங்க. மாடியைக் காலி பண்ணி அவங்களைக் கீழ எங்க வீட்டுக்குக் கொண்டுவந்துடறேன். ஒரு ரூமை ஒதுக்கிடறேன். படி ஏறற வேலையே இல்ல. கட்டில், ஃபேன், எல்லாம் நான்..." என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

பட் என்று ஒரு சத்தம். டாக்டரம்மா இடது கையால் கட்டிலில் அடித்திருந்தார். இப்போது என்னைத்தான் பார்த்தார்.

"கிரைண்டர் மூணு மாடி ஏறிச்சு."

மாமி பொங்கிச் சிரித்துவிட்டார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் காது சூடானது. மகன் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப கிரைண்டரா? அண்ணே, எதுக்கு சிரிக்கறாங்க?"

"அது என் கதை தம்பி" என்றேன். தோளில் தூக்கிக்கொண்டு போனது, வித்துவிட்டோம் என்றது, கீழ் வீட்டு வாசல், எல்லாம் சொன்னேன். "ஒருத்தரைக் கேக்காம அவருக்கு நல்லது பண்ணக் கிளம்பினா இங்க அப்படித்தான் சொல்லுவோம். நான் இப்ப உங்க அம்மாவைக் கேக்கலை. அதைத்தான் சொல்றாங்க."

மகன் அம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மாவின் ஓய்ந்த பக்கம் அப்படியே இருக்க, மறுபக்கம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

நான் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். "டாக்டரம்மா, இப்ப கேக்கறேன். கீழ எங்க வீட்டுக்கு வர்றீங்களா?"

"செல்வி லாரி மேல ஏறிட்டா."

"மாடியை விட்டே இறங்க மாட்டாளாம்" என்றார் மாமி.

"செல்வின்றது நான்தான் தம்பி" என்று செல்வி முன்னால் வந்தாள். லாரிக் கதையை நின்றபடியே நடித்துக் காட்டினாள். டிரைவராகவும் அவளே பேசினாள். மகன் முதலில் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். 'அவங்க வூட்லயும் மீனு துன்னுவாங்க' என்று வந்தபோது அவரும் சிரித்துவிட்டார். சிரித்ததும் அழுகை வந்துவிட்டது.

"மம்மி, எனக்கு லீவ் இல்ல" என்றார். "நாளைக்கே முடிவு பண்ணியாகணும்."

"மாமி மிக்ஸி மூடி மறந்துட்டா" என்றார் டாக்டரம்மா.

இந்தத் தடவை மகன் என்னைப் பார்க்கவில்லை. நேராக மாமியைப் பார்த்தார்.

"அவசரப்படாதேங்கறா. சம்பந்தி தலையில சட்னி. அப்புறமா சொல்றேன், வா" என்றார் மாமி.

மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இப்போது குழந்தையிடம் பேசுகிற குரல் இல்லை. பெரியவரிடம் கேட்கிற மாதிரி கேட்டார். "சரி மம்மி. நீ தெளிவாதான் இருக்கே. ஒத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ பாத்ரூம்ல விழுந்தா? கத்தக்கூட வராதே. யாருக்குத் தெரியும்?"

டாக்டரம்மா வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. இடது கை விரல்கள் போர்வை மேல் ஒவ்வொன்றாக மடங்கின, விரிந்தன, திரும்ப மடங்கின. தேடிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. எங்களிடமும் இல்லை. மாமி என்னைப் பார்த்தார், நான் செல்வியைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு ஒரு கதை எங்கள் தெருவில் இன்னும் நடக்கவில்லை.

"அதுக்கு நாலு இல்ல தம்பி" என்றேன். "அது ஒயரிங் வேலை." சொல்லிவிட்டு, நல்ல வேளை, முதலில் அவரைக் கேட்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது. டாக்டரம்மா பக்கம் திரும்பினேன். "ஒரு பெல் போடறேன். ஸ்விட்ச் இங்க பாத்ரூம்ல, பெல்லு கீழ எங்க வீட்ல. நான் இல்லாட்டி என் வீட்டுக்காரி இருப்பா. போடட்டுமா?"

அவர் தலையை அசைத்தார். ஒரு தடவை, மெதுவாக.

மகன் ஜன்னல் பக்கம் போய், போனில் அம்மாவின் டிக்கெட்டை ரத்து செய்தார். தன்னுடையதைத் தள்ளிப் போட்டார். பகலில் துணைக்கு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தார். ஊருக்குப் போகிற வரைக்கும் தினமும் என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு நாலாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கேட்டதை மாடிக்குப் போய் அம்மாவிடம் சொல்லிப் பார்ப்பார். தப்பாகச் சொன்னால் மேலிருந்து கட்டிலில் அடிக்கிற சத்தம் கேட்கும்.

டாக்டரம்மா அந்த மாடியில் நினைத்தபடியே இருந்தார். புதிதாக ஒன்றுகூடச் சொல்ல வரவில்லை. இருந்த நாலுகளை வைத்தே எங்களைத் திட்டினார், கேலி செய்தார், முத்துவை ஸ்கூலுக்கு விரட்டினார். சொந்தக் கட்டிலில், மகன் பக்கத்தில் இருக்கும்போது, ஒரு நாள் காலை கண்ணை மூடினார். அது உங்களுக்கே தெரியும்.

நீங்கள் பார்க்காத ஒன்றை மட்டும் சொல்கிறேன். டிக்கெட்டை ரத்து செய்த அன்று சாயங்காலம் மகனும் நானும் டாக்டரம்மாவைத் தூக்கிப் படியிறக்கினோம், மகன் அவரைச் சக்கர நாற்காலியில் சாந்தோம் மாதா கோயிலுக்குக் கூட்டிப் போனார். மாடியில் நான் மட்டும். ஈரம் படுகிற இடம் என்பதால் பேட்டரியில் ஓடுகிற பெல்லாக வாங்கி வந்திருந்தேன். ஜன்னல் வழியாக ஒயரை நம் வீட்டுக்கு இறக்கிவிட்டு, பாத்ரூம் சுவரில் ஸ்விட்ச் வைக்க இடம் பார்த்தேன். நின்றபடி, பழக்கத்தில் கை போன உயரத்தில் பென்சில் கோடு போட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பிறகு அந்தக் கோட்டை விரலால் அழித்தேன். கதவைச் சாத்திவிட்டு, சட்டையோடு அந்தத் தரையில் வலது பக்கமாகப் படுத்தேன். வலது கையை உடம்புக்கு அடியில் மடக்கிக்கொண்டேன். தரை சில்லென்று இருந்தது. இடது கையை மட்டும் நீட்டி, சுவரில் விரல் எங்கே எட்டுகிறதோ அங்கே ஒரு கோடு போட்டேன்.